இரண்டு மானிட்டருக்கு ஒரு கார்டு: முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் தொழில். வலது பக்கம் 27 அங்குல 4கே மானிட்டரில் பக்கம் திறந்திருக்கும். இடது பக்கம் பழைய ஃபுல் எச்டி மானிட்டரில், ஆசிரியர் சிவப்பில் திருத்தி அனுப்பிய பிரதி. என் பிராசசர் ஐ5 9400எஃப். இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆக வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் கார்டு கேட்டதும் வந்த முதல் கேள்வி, "எத்தனை ஜிபி சார்?" கார்டின் நினைவக அளவைத்தான் கேட்கிறார்கள். கேம் ஆடாமல் எழுத்தும் பக்கமுமாக உட்கார்ந்திருப்பவருக்கு அது கடைசியில் பார்க்க வேண்டியது. 4கே திரையில் தெரியும் ஒரு முழுப் படம் சுமார் 33 எம்பிதான் பிடிக்கும். கார்டின் பின்பக்கத்தில் என்னென்ன போர்ட் இருக்கிறது, அவை எந்தத் தலைமுறை என்பதுதான் விஷயம்.

விலை குறைவு என்று பலரும் வாங்கும் ஜிடி 710-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எச்டிஎம்ஐ போர்ட் 1.4 தலைமுறை, 4கே திரைக்கு நொடிக்கு 30 முறைதான் முழு நிறத்தோடு படம் அனுப்பும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி பின்னாலேயே தயங்கி வரும். சில பழைய கார்டுகளில் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை, வைக்கலாம், ஆனால் நிறத் தகவலைக் குறைத்துத்தான் அனுப்பும்: வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக, நிறம் மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாக. கறுப்பு எழுத்து எப்படியோ தப்பித்துவிடும். சிவப்பில் போட்ட 'க்'கின் புள்ளி கரைந்து, அது 'க'வா 'க்'கா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். மெய்ப்பு பார்க்கிறவருக்கு இதைவிடத் தொல்லை வேண்டுமா? பழைய மானிட்டர்தானே என்று விஜிஏ என்ற பழைய வகை போர்ட்டில் மாட்டினாலும் எழுத்தின் ஓரம் மங்கும்.

அடுத்தது ஜிடி 1030. எச்டிஎம்ஐ 2.0 உண்டு, 4கே 60 ஹெர்ட்ஸில் ஓடும். ஆனால் ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2017-ல் வந்ததில் ஜிடிடிஆர்5 வகை நினைவகம், அதன் வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018-ல் வந்த டிடிஆர்4 நினைவகக் கார்டில் அது 16.8 தான். வாங்கினால் பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். இதன் சிப் பாஸ்கல் என்ற தலைமுறை. அதற்குப் புது டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு முடிந்தன, இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். அதனால் இதையும் தள்ளிவிட்டேன்.

ஆர்எக்ஸ் 6400 எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 53 வாட், ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளே போர்ட். இரண்டு மானிட்டருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் அதில் வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் பகுதி, அதாவது வீடியோ என்கோடர், இல்லை. மனைவி இதே கணினியில் பாடங்களைப் பதிவு செய்வதால், அந்த வேலை மொத்தமும் பிராசசர் தலையில் விழும்.

கடைசியில் எடுத்தது, என்கோடரும் உள்ள ஜிடிஎக்ஸ் 1650. 75 வாட், மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சில மாடல்களுக்குத் தனியாக 6 பின் பவர் வயர் வேண்டும். அது தேவைப்படாத மாடலாகப் பார்த்து எடுத்தேன். பவர் சப்ளையை மாற்றும் செலவு மிச்சம்.

கேபிள் விஷயம் ஒன்று. கார்டில் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் சாதாரண மாற்றுக் கேபிளே போதும். தலைகீழாக இருந்தால் அதே கேபிள் வேலை செய்யாது. தனியாகப் பவர் எடுக்கும் கன்வர்டர் வேண்டும். நான் 4கே மானிட்டரை நேராக டிஸ்ப்ளே போர்ட்டிலும் பழையதை எச்டிஎம்ஐயிலும் மாட்டியிருக்கிறேன். அப்புறம், மாட்டியதோடு விட்டுவிடாமல் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 60 ஹெர்ட்ஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 4கே திரைக்கு 150 சதவீதம், பழையதற்கு 100 சதவீதம் என்று அளவு வைத்திருக்கிறேன். இரண்டிலும் எழுத்து கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் தெரிகிறது.