வெங்காய விலையைப் போனுக்குக் கொண்டுவரப் பட்ட பாடு

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், ஏழாலைப் பக்கம் நாலைந்து பரப்பு நிலத்தில் வெங்காயம் வைக்கிற கமக்காரருக்கு, சந்தை விலையைப் போனில் சொல்லும் சின்ன ஏற்பாடு ஒன்று செய்வோம் என்று நாங்கள் சில பேர் சேர்ந்தோம். எந்தப் பயிர், எந்தச் சந்தை என்பதெல்லாம் கமக்காரர் அமைப்பின் ஒரு கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. கணினி வேலை தெரிந்த பிள்ளைகளும் கையில் இருந்தார்கள். எங்களை இழுத்தடித்தது பழைய விலைத் தரவு.

அது இருக்கிற அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் தலை நிமிராமலே, "அமைப்பின்ரை கடிதத் தலைப்பில கேளுங்கோ பிள்ளை" என்றார். கடிதத்தோடு போனால், "தலைவர் மட்டும் வைச்சாக் காணாது, செயலாளரும் ஒப்பம் வைக்கோணும்." அதையும் வாங்கிக்கொண்டு போன அன்று, கோப்புக்குப் பொறுப்பானவர் லீவு. தேவையானதை எல்லாம் முதல் நாளே ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். என் பஸ் காசு போனால் போகட்டும். செயலாளர் ஐயா தோட்டத்தில் தண்ணீர் இறைப்பை அரைவாசியில் நிற்பாட்டிவிட்டு வந்து ஒப்பம் வைத்தவர். அதை நினைக்க இன்னும் வயிறு எரிகிறது.

கடைசியில் கைகொடுத்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் அது கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் அந்த இடத்தை விட்டு அசையாதீர்கள். நான் வாங்கினேன், கோப்பும் வந்தது.

திறந்து பார்த்தால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தார்கள். எங்கள் கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. எல்லாக் கணினியிலும் தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் சில தாள்களில் வெறும் 'வெங்காயம்' என்றே இருந்தது. சின்னதா பெரியதா என்று பார்க்க, விலையை வைத்து ஒவ்வொரு வரியாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்துக் கொள்ளும் செய்தியில் தமிழுக்கு இடம் 70தான். குற்று, கொம்பு, அரவு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'வெங்காயம்' என்ற ஒரு சொல்லுக்கே 9 போய்விடும். 70ஐத் தாண்டினால் இரண்டு செய்திக் காசு. அதைக்கூடச் சமாளித்திருப்போம். சோதனைச் செய்தியை ஒரு அப்புவின் பட்டன் போனுக்கு அனுப்பினோம். அவர் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பெட்டி பெட்டியாத்தான் கிடக்கு பிள்ளை" என்றார். அன்றே குரல் வழிக்கு மாறினோம். அவர்கள் மிஸ் கோல் கொடுத்தால் போதும், நாங்கள் திருப்பி எடுத்து விலை சொல்வோம். அவர்களுக்குச் சதமும் செலவில்லை.

பதிவுப் படிவத்தில் ஏக்கர் என்று போடாதீர்கள். இங்கே 16 பரப்புத்தான் ஒரு ஏக்கர். நாலு பரப்புக்காரர் 4 என்று எழுதினால் கணக்கு எங்கேயோ போய்விடும். அடையாள அட்டை இலக்கமும் கேட்க வேண்டாம். கேட்டால் மானியம் வருகிறது என்று கதை பரவும், பிறகு உங்களால் பதில் சொல்லி முடியாது. நோய், பூச்சிக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இருக்கிறது. எங்கள் குரல் அந்த இலக்கத்தைச் சொல்வதோடு சரி.

மிகப் பெரிய திருத்தத்தைச் சொன்னது தோட்டக்காரர் ஒருவர். முதல் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, "உது சந்தை விலை. கழிவு போக என்ரை கையில என்ன வரும்?" என்றார். 100 கிலோ கொண்டுபோய் இறக்கினால் 10 கிலோவைக் கழிவென்று வெட்டி, 90 கிலோவுக்குக் காசு கொடுக்கிற வழக்கம் இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். நிற்பாட்டச் சொல்லி எத்தனையோ தரம் கதைத்தாயிற்று. ஏழை கமக்காரரின் லாபமே அந்தப் பத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு எண்ணையும் சொல்வதென்று முடிவெடுத்தோம்: கிலோ 200 ரூபா, கழிவு போகக் கையில் 180.

இது காதில் விழுந்ததும் வியாபாரி ஒருவர் கூட்டத்துக்கே வந்து, இரண்டாவது எண் வீண் பிரச்சினை, எடுத்துவிடுங்கள் என்றார். அமைப்பின் அம்மாமார் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அந்த எண்ணை முதலில் சொல்லு, சந்தை விலையைப் பிறகு சொல்லு என்று அவர்கள் கேட்டார்கள். ஒலிப்பதிவை அப்படியே மாற்றிவிட்டோம்.