அனிமேஷன் கட்டடத்தில் ஒரு பகல்

2019 அக்டோபர் 18, வெள்ளி – அனாஹைம்

நாளை டிஸ்னி கலிபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவுக்குச் செல்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. பெரிய சவாரிகளுக்கு அவனுடைய உயரம் போதாது. ஆகவே ஹாலிவுட் லேண்ட் பகுதியிலுள்ள அனிமேஷன் கட்டடத்துக்கே பகலின் பெரும்பகுதியை ஒதுக்க வேண்டும் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். பூங்கா திறந்த 2001 முதலே அங்கு இருக்கும் கட்டடம் அது. பலரும் வெயிலுக்கு ஒதுங்கும் இடமாகவே அதை நினைக்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

2019 அக்டோபர் 19, சனி – இரவு

முதலில் மிக்கியை வரையக் கற்றுக்கொண்டோம். ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தார்கள். ஓவியர் ஒருவர் முன்னால் அமர்ந்து வரைய, அவருடைய கை திரையில் பெரிதாகத் தெரிந்தது. முதலில் ஒரு வட்டம், அதன் குறுக்கே மெல்லிய வழிகாட்டிக் கோடுகள், அதன் பிறகே கண்ணும் மூக்கும். கோலத்துக்கு முன் புள்ளி வைப்பதைப் போல என்று மகளின் காதில் சொன்னேன், "அப்படியென்றால் கடைசியில் புள்ளி தெரியக் கூடாது, இல்லையா அம்மா?" என்று கேட்டுவிட்டு அவள் கோட்டை இன்னும் மெல்லியதாக்கினாள்.

'ஃபைண்டிங் நீமோ' படத்தில் வரும் ஆமை கிரஷ் திரையிலிருந்து குழந்தைகளோடு நேரடியாகப் பேசும் அரங்கில் மகன் மற்றப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, முடியும்வரை எழவே இல்லை.

நான் எழுத விரும்புவது 'டாய் ஸ்டோரி' அனிமேஷன் படப் பொம்மைகளின் சுழல்மேடையைப் பற்றித்தான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 18 பொம்மைகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறிதே மாறிய நிலையில், வட்டமாக நிற்கின்றன. மேடை சுழலத் தொடங்கியதும் எல்லாம் கலங்கிக் குழம்புகிறது. பிறகு அறை இருண்டு, விட்டுவிட்டு ஒளி வெட்டத் தொடங்கும் அந்த நொடியில், பச்சை நிறப் போர்வீரர்கள் பாராசூட்டில் குதிக்கிறார்கள், குதிரை துள்ளுகிறது. ஒரு பொம்மை நின்ற இடத்துக்கு அடுத்த பொம்மை வந்து சேரும்போது மட்டும் ஒளி விழுவதால், இடைப்பட்ட ஓட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அசைவு நம் கண்ணுக்குள்ளேதான் பிறக்கிறது. ஜப்பானின் கிப்லி என்ற அனிமேஷன் படநிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ள சுழல்மேடையைப் பார்த்தே இதை உருவாக்கினார்களாம். இருளும் ஒளிவெட்டும் மகனை அச்சுறுத்தின. அவனைத் தூக்கி என் தோளில் முகம் புதைத்துக்கொள்ளச் செய்தேன். மேடை வேகம் குறைந்து நின்று, விளக்கு எரிந்தபோது, அவனே தலையை உயர்த்திப் பொம்மைகளை விரலால் எண்ணத் தொடங்கினான். இரண்டாம் முறை சுழன்றபோது அவன் முகத்தை மூடவில்லை.

கீழே, நாமே காகிதப் பட்டையில் வரைந்து உள்ளே வைத்துச் சுழற்றிப் பார்க்கும், பக்கங்களில் பிளவுகள் கொண்ட உருளைகள் இருந்தன. மகள் காகிதப் பட்டையின் எல்லாக் கட்டங்களிலும் ஒரே பூவை, மிகுந்த கவனத்தோடு, துளியும் மாறாமல் வரைந்தாள். உருளையைச் சுழற்றிப் பிளவுகளின் வழியே பார்த்தால் பூ அசையாமல் நின்றது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பூ நின்றதே அவள் அவ்வளவு சரியாக வரைந்ததற்குச் சான்று என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை.

2019 அக்டோபர் 26, சனி – வீடு

வாரம் முழுவதும் அந்தப் பூவைப் பற்றியே பேச்சு. இன்று கறுப்பு அட்டையில் 12 பிளவுகள் வெட்டி, வட்டமாக ஒட்டி, சாப்பாட்டு மேசையின் சுழல்தட்டில் வைத்தோம். 1834-இல் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் என்ற ஆங்கிலேயர் விவரித்த அதே கருவிதான். இதற்கு மின்சாரம்கூட வேண்டாம். பிளவுகளுக்கு இடையிலுள்ள கறுப்பு அட்டை, அன்று பார்த்த இருளின் வேலையைச் செய்கிறது.

மகள் 12 கட்டங்களில் மொட்டு மலர்வதை வரைந்தாள். பூ மலர்ந்தது, ஆனால் பட்டை ஒரு சுற்று முடிந்த இடத்தில், முழுதாக மலர்ந்த பூ வெடுக்கென்று மொட்டாகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நெடுநேரம் பிளவின் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புதிய பட்டை ஒன்றை எடுத்து, ஏழாவது கட்டத்திலிருந்து இதழ்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடத் தொடங்கினாள். தட்டைச் சுற்றும் பொறுப்பு தம்பிக்கு.