பிளஸ் 10: காக்பிட் நாட்குறிப்பு

நவம்பர் 3

சென்னை–டெல்லி. நாக்பூரைத் தாண்டியதும் எதிரே இன்னொரு விமானக்காரன் வந்தான். நாங்கள் 36,000 அடியில், அவன் 37,000-இல். நேவிகேஷன் திரையின் மேல் ஓரத்தில் உள்ளே காலியான ஒரு வெள்ளை டைமண்ட், அதன் தலையில் +10. நூறு அடிக் கணக்கில் காட்டுவதால் +10 என்றால் நமக்கு மேலே 1,000 அடி. நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் வரும். டீகாஸ் (விமானங்கள் மோதாமல் எச்சரிக்கும் கருவி) தரும் படம் அவ்வளவுதான், விமானத்தின் பெயர்கூடக் கிடையாது.

6 மைலுக்குள் வந்ததும் டைமண்ட் நிரம்பி முழு வெள்ளையானது. (மைல் என்று நான் எழுதுவதெல்லாம் நாட்டிக்கல் மைல்தான்.) இருவரும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 15 மைல் நெருங்குகிறோம், அப்படியென்றால் அந்த 6 மைலுக்கு அரை நிமிடம்கூட இல்லை. திரை சொன்ன திசையில் நிமிர்ந்து பார்த்தேன், வயிறும் இரண்டு இஞ்சினும் அதன் பின்னால் புகைக்கோடும் தெரிந்தன, அதற்குள் போய்விட்டான்.

திரை இல்லாமல் வெறும் கண்ணால் தேடியிருந்தால் கண்டுபிடித்திருப்பேனா என்பது சந்தேகம்தான். அதிலும் நிஜமாகவே மோத வருகிற விமானம் கண்ணாடியில் இடவலமாக நகராது, ஒரே இடத்தில் புள்ளியாக நின்று கடைசி சில வினாடிகளில் திடீரென்று பெரிதாகும். அசையாத ஒன்றைக் கண் எளிதில் பிடிப்பதில்லை. எங்கே பார்க்கவேண்டும் என்று திரை சொல்வது அதனால்தான் பெரிய விஷயம்.

நவம்பர் 6

இன்று விடுமுறை. சித்தி மகன் போனில் கேட்டான்: "அதான் ஸ்கிரீன்லயே தெரியுதுல்லண்ணா, கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிச்சா போச்சு, அதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்பு?"

நல்ல கேள்விதான், பதில்தான் நீளம். டீகாஸ் சுற்றியுள்ள விமானங்களை 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி கேட்கிறது, அவற்றின் டிரான்ஸ்பாண்டர்கள் (கேள்வி வந்தால் தானாகப் பதில் அனுப்பும் ரேடியோ கருவிகள்) 1090-இல் பதில் சொல்கின்றன. பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து தூரம் தெரியும். உயரத்தை அந்த விமானமே சொல்லிவிடும். இந்த இரண்டையும் நம்பலாம். திசை மட்டும் நம் விமானத்தின் மேல் இருக்கும் ஆன்டெனா ஊகிப்பது. சில டிகிரி பிசகினாலே 20 மைல் தள்ளி இருப்பவனை ஒரு மைலுக்கு மேல் இடம் மாற்றிக் காட்டும். நாமே திரும்பிக்கொண்டிருந்தால் திரையில் டைமண்ட் குதிக்கும். இடதுபக்கம் இருக்கிறான் என்று நம்பி வலதுபக்கம் ஒடித்தால் நேராக அவன் பாதைக்கே போய்விட வாய்ப்புண்டு.

அதனால்தான் டீகாஸ் "ஏறு", "இறங்கு" என்று மட்டும்தான் சொல்லும், "திரும்பு" என்று சொல்லவே சொல்லாது. படத்தைப் பார்த்து நாமாகத் திரும்பக் கூடாது என்பது பயிற்சியில் முதலில் மண்டையில் ஏற்றும் விதி. இவ்வளவும் சொன்ன பிறகு "சரி, அப்ப பார்க்கிங் சென்சார் மாதிரின்னு வெச்சுக்கலாம்" என்றான். வைத்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 9

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. சென்னையிலிருந்து ஏறும்போது ரேடாரில் சிவப்பும் மஞ்சளுமாக மேகம், ஆளாளுக்கு இடது 10 மைல், வலது 15 மைல் என்று விலகிப் போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி நாளில் திரையை நான் கண்ணைவிடக் காதுக்குத்தான் பயன்படுத்துகிறேன். ரேடியோவில் ஒருவன் "290-இல் இருக்கிறேன்" என்றால் இந்த டைமண்ட்தான் அவன் என்று பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்குக் கொடுத்த உயரம் 280, அதாவது 28,000 அடி. அந்த 290-காரன் எங்கள் வழியிலேயே குறுக்கே வந்தான். நாங்கள் நிமிடத்துக்கு 2,500 அடி ஏறிக்கொண்டிருந்தோம். கேப்டன் கையை நீட்டித் திரையைக் காட்டினார்.

"மெதுவா ஏத்துப்பா. நாம 280-ல நின்னுடுவோம்னு நமக்குத் தெரியும், இந்த டப்பாவுக்குத் தெரியாது."

"சரி சார்" என்று குமிழை இழுத்து ஏறும் வேகத்தை 1,000-க்குக் குறைத்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. நமக்கு எந்த உயரம் கொடுத்திருக்கிறார்கள் என்பது டீகாஸுக்குத் தெரியாது. இதே வேகத்தில் போனால் எத்தனை வினாடியில் இருவரும் நெருங்கி ஒரே உயரத்துக்கு வருவார்கள் என்று மட்டும் கணக்குப் போடும். 20,000 அடிக்கு மேல் அந்தக் கணக்கு 48 வினாடியைத் தொட்டால் டைமண்ட் மஞ்சள் வட்டமாகி "டிராஃபிக், டிராஃபிக்" என்று கத்தும், 35-ஐத் தொட்டால் சிவப்புச் சதுரமாகிக் கட்டளையே போடும். யாரும் எந்தத் தப்பும் செய்யாமலேயே இரண்டு விமானங்கள் பதறிப்போகும். கடைசி 1,000 அடியில் 1,500-க்குக் கீழே வேகத்தை வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். வெறும் மரியாதைக்கான விதி என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12

சர்க்கி தாத்ரி (டெல்லிக்கு மேற்கே, ஹரியானாவில் ஓர் ஊர்) நாள். 1996-இல் இதே தேதி மாலையில் டெல்லியிலிருந்து ஏறிய சவூதியா 747-உம் டெல்லிக்கு இறங்கிய கஜகஸ்தான் இல்யூஷின் 76-உம் மோதி 349 பேர் செத்தார்கள். நடுவானில் நடந்த மோதல்களில் இன்றுவரை இவ்வளவு பேர் வேறெதிலும் இறந்ததில்லை. சவூதியாவுக்கு 14,000 அடி, கஜக் விமானத்துக்கு 15,000. அது நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் கீழே இறங்கியது. வருவதற்கும் போவதற்கும் ஒரே பாதை, கன்ட்ரோலரின் ரேடாரில் உயரம் தெரியாது. எதிரே 14 மைலில் விமானம் வருகிறது என்று அவர் வாயால்தான் சொல்ல முடிந்தது.

இரண்டு காக்பிட்டிலும் டீகாஸ் கிடையாது. அதற்குப் பிறகுதான் இந்தியா அதைக் கட்டாயமாக்கியது. அதே பக்கத்து வானில் -10, +10 என்று பார்த்துக்கொண்டே டெல்லிக்கு இறங்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

நவம்பர் 15

சிமுலேட்டர். இன்ஸ்ட்ரக்டர் வேண்டுமென்றே ஒரு பொறி வைத்திருந்தார். கன்ட்ரோலராகப் பேசி "உடனே இறங்கு" என்றார், கிட்டத்தட்ட அதே நொடியில் டீகாஸ் "கிளைம்ப், கிளைம்ப்" என்றது.

ஆட்டோ பைலட் ஆஃப், இரண்டு ஃப்ளைட் டைரக்டரும் (எப்படி ஓட்டவேண்டும் என்று திரையில் வழிகாட்டும் கோடுகள்) ஆஃப், செங்குத்து வேகம் காட்டும் அளவுகோலில் சிவப்பிலிருந்து முள்ளை வெளியே கொண்டுவந்து பச்சையில் வை. இதை 5 வினாடிக்குள் தொடங்கவேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, டீகாஸ் எதிர்பார்ப்பது மெதுவான இழுப்பு, பயணி கையிலிருக்கும் காபிகூடச் சிந்தாது. கன்ட்ரோலரிடம் "டீகாஸ் ஆர்ஏ" என்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் (ஆர்ஏ என்பது டீகாஸ் போடும் கட்டளை). ஆபத்து விலகியது என்று டீகாஸ் சொல்லும் "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" கேட்கும்வரை யார் சொன்னாலும் இறங்கக் கூடாது.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் இருப்பது யூபர்லிங்கன். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனி வானில் ஒரு ரஷ்ய டுபோலெவும் டிஎச்எல் சரக்கு விமானமும். டுபோலெவிடம் டீகாஸ் ஏறச் சொன்னது, ஜூரிக் கன்ட்ரோலர் இறங்கச் சொன்னார், அவர்கள் கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டார்கள். டிஎச்எல் விமானம் டீகாஸ் சொன்னபடி இறங்கியது. இரண்டும் இறங்கின. 71 பேர், அதில் நிறையப் பேர் குழந்தைகள். இரண்டு டீகாஸும் தங்களுக்குள் பேசி ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று முடிவு செய்திருக்கின்றன. ஒருவர் மட்டும் மீறினால் அந்த ஒப்பந்தத்துக்கே அர்த்தமில்லை.

நவம்பர் 18

எல்லாம் சரி, எதிரே வருபவனின் டிரான்ஸ்பாண்டர் அணைந்திருந்தால்? பிரேசிலில் அதுதான் நடந்தது. 2006 செப்டம்பர் 29, அமேசான் காட்டுக்கு மேலே 37,000 அடியில் கோல் நிறுவனத்தின் 737-உம் ஒரு சிறிய லெகசி ஜெட்டும். லெகசியின் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யவில்லை, அது அதன் விமானிகளுக்கே தெரியவில்லை. டிரான்ஸ்பாண்டர் போனால் நாம் மற்றவர் திரையிலிருந்து மறைவதோடு நம்முடைய டீகாஸும் குருடாகிவிடும். அதனால் இருவர் திரையும் காலியாகவே இருந்தது. 737-இல் இருந்த 154 பேரும் போனார்கள், லெகசி அடிபட்ட இறக்கையோடு ஒரு ராணுவத் தளத்தில் இறங்கியது.

ரன்வேக்குள் நுழையுமுன் டிரான்ஸ்பாண்டர் குமிழ் டிஏ/ஆர்ஏ-வில் (எச்சரிக்கை, கட்டளை இரண்டும் வரும் நிலை) இருக்கிறதா என்பதைச் செக்லிஸ்ட் கேட்கும். சிலர் பார்க்காமலே "செட்" என்று பதில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது, விரலை வைத்துத்தான் சொல்வேன்.

நவம்பர் 20

இன்று வேறு கேப்டன். இவர் எப்போதும் திரையை "ஆல்" நிலையிலேயே வைத்திருப்பவர், அதில் மேலே கீழே 2,700 அடிவரைதான் தெரியும். ஏறும்போது "அபவ்", இறங்கும்போது "பிலோ" வைத்தால் போகிற பக்கம் 9,900 அடிவரை காட்டும். திரை நிறைந்துபோகும், கவனம் சிதறும் என்பது அவர் கட்சி. மழைக்காலத்தில் எனக்கு அந்த நெரிசல் பரவாயில்லை. கேட்டுவிட்டு மாற்றினேன், "உன் பக்கம் வெச்சுக்கோ" என்று சிரித்தார். நாளை கோவை போய்வரவேண்டும், காலை 4 மணிக்கு வண்டி வரும்.