மாமாவின் ஜாவாவுக்குப் பெயிண்ட் இல்லை

தொழுவத்தில் கிடந்த மாமாவின் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளை ஓடவைத்ததிலிருந்து எங்கள் தெருவில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஏனுங் டீச்சர், பெயிண்ட் எப்ப அடிக்கறீங்?" வண்டி ஸ்டார்ட் ஆகிறதா, ஸ்பேர் எங்கே கிடைத்தது, இன்ஜினை யார் பிரித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. பெயிண்ட் அடிப்பதாக இல்லை என்றால், பாவம் கையில் காசு தீர்ந்துவிட்டது போல என்று பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று பதில் சொல்லி மாளவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வண்டி 1967ஆம் வருடத்து ஜாவா 250. மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்தது. 1961இல் செக் நாட்டு வண்டியை உரிமம் வாங்கிச் செய்ய ஆரம்பித்தார்கள், அப்புறம் அதே தொழிற்சாலையில் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகள் வந்தன, 1996இல் மூடிவிட்டார்கள். 2018 முதல் ஜாவா என்ற பெயரில் ஷோரூமில் நிற்கிற வண்டிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலும் கலந்து குடிக்கும் இன்ஜின். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். கியர் லிவரை உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் அதுவே கிக்கர்.

என் தாய்மாமா உடுமலைப் பக்கம் தேங்காய் வியாபாரம் பார்த்தவர். சந்தை, தோப்பு, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் இந்த வண்டிதான். டி.வி.எஸ். 50 வாங்கியதும் இது மாட்டுத் தொழுவத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

நான் வேதியியல் ஆசிரியை என்பதால் சொல்கிறேன்: பழைய வண்டியை நிறுத்தத் தொழுவத்தைவிட மோசமான இடம் கிடையாது. மாட்டு மூத்திரத்தில் இருக்கும் யூரியா சிதைந்து அம்மோனியா வரும். ஈரத்தோடு சேர்ந்த அம்மோனியாவுக்குச் செம்பும் பித்தளையும் என்றால் உயிர். கார்ப்பரேட்டர் ஜெட், டைனமோ கம்யூட்டேட்டர் (கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளை), ஒயர் முனைகள் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. டேங்கின் பக்கவாட்டுக் குரோம் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தது. ஆனால் பெயிண்ட் பிழைத்துவிட்டது. சைலன்சர் கக்கிய எண்ணெய்ப் பிசுக்கும் வைக்கோல் தூசியும் சாணப் புழுதியும் அடை அடையாக மேலே படிந்து அதைக் காப்பாற்றியிருந்தன. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய வேட்டித் துணியால் மெதுவாகத் துடைத்தபோது மெரூன் நிறம் வந்தது. அதன்மேல் தங்க நிறக் கோடு. கோட்டை உற்றுப் பார்த்தால் வளைவில் கொஞ்சம் தடித்து, முடிகிற இடத்தில் மெலிந்து போகிறது. யாரோ கையால் இழுத்தது. அதைப் பார்த்த அன்றே பெயிண்ட் பேச்சு எனக்கு முடிந்துவிட்டது.

சரி, வேலைக்கு வருகிறேன். டேங்கின் உள்ளே துரு செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. இதற்குச் சிலர் நட்டு போல்ட்டைப் போட்டுக் குலுக்குவார்கள், சிலர் ஆசிட் ஊற்றுவார்கள். ஆசிட் துருவோடு நிற்காது, நல்ல தகட்டையும் தின்னும். நான் மின்னாற்பகுப்பு செய்தேன். முதலில் சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவிப் பெட்ரோல் ஆவியே இல்லாமல் ஆக்கவேண்டும்; இதில் சோம்பல் கூடாது. பிறகு சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, மூடி வழியாக ஓர் இரும்புக் கம்பியை டேங்கில் எங்கும் படாமல் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நேர்முனையைக் கம்பிக்கும் எதிர்முனையை டேங்குக்கும் கொடுத்தேன். நுரை பொங்கிக்கொண்டு துரு கழன்று வந்தது. வருவது ஹைட்ரஜன்; வீட்டுக்குள் வைக்காதீர்கள், பக்கத்தில் பீடி பிடிக்க யாரையும் விடாதீர்கள். இன்னொன்று, எவர்சில்வர் கம்பி பளிச்சென்று இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து, ஆறு இணைதிறன் கொண்ட நச்சு வடிவத்தில் தண்ணீரில் சேரும். முடிந்ததும் கழுவி, காய்ந்த கையோடு பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலை உள்ளே ஊற்றிச் சுழற்றினேன். விட்டுவைத்தால் கண் முன்னே மறுபடி துருப் பிடிக்கும்.

இன்ஜினை நானாகப் பிரிக்கவில்லை. கோவையில் ஜாவா, யெஸ்டி என்றாலே எல்லோரும் கைகாட்டுகிற பாய் ஒருவர் இருக்கிறார். அவர் பட்டறையில் கீழே உட்கார்ந்து, கொடுத்ததைக் கழுவி, கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பற்றிப் பல மெக்கானிக்குகள் அலட்சியமாகப் பேசுவார்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் போவது பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் கேஸுக்குள். அங்கே உறிஞ்சி, அழுத்தி, பிறகுதான் மேலே ஏறும். கிராங்கின் இரண்டு பக்க சீலும் காய்ந்து போனால் அந்த அறையில் காற்று நிற்காது. டைனமோ பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று புகுந்து இன்ஜின் சூடேறித் தாறுமாறாகச் சீறும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் அங்குள்ள ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடித்து வெள்ளைப் புகையாக விடும். "ரிங்கு போச்சு, போர் அடிக்கணும்" என்று சிலிண்டரைக் கடைந்து அகலமாக்க லேத்துக்கு அனுப்பப்படும் வண்டிகளில் பாதிக்குக் குறை சீலில்தான் என்றார் பாய். எங்கள் வண்டிக்குப் புது சீல், போர் இரண்டும் வேண்டியிருந்தது. சிலிண்டர் சுவரில் துருக்குழி விழுந்திருந்ததால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம்.

கிளட்ச் பிளேட்டில் கார்க் துண்டுகள் பதித்திருக்கும். புதிதாக வாங்கியதை அப்படியே மாட்டாமல் ஓர் இரவு ஆயிலில் ஊறப் போட்டார். டைமிங், அதாவது ஸ்பார்க் எப்போது விழவேண்டும் என்பதை, வைத்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் என்பதை, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் பார்த்தார். பாயிண்ட் எந்த நொடியில் பிரிகிறது என்பதற்குச் சிகரெட் தாள் ஒன்றை நடுவில் வைத்து லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். பிஸ்டன் ஏற ஏறப் பிடித்துக்கொண்டிருந்த தாள், பாயிண்ட் திறந்ததும் வழுக்கி வந்தது. "பாத்துக்கிட்டீங்களா டீச்சரம்மா, மீட்டர்லாம் வேணாம்" என்றார். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் வைக்கலாம்.

மின்சாரம் 6 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள், ஹெட்லைட் நன்றாக எரியும் என்று நிறையப் பேர் சொன்னார்கள். உண்மைதான். ராத்திரியில் ஓட்டுகிற உத்தேசம் எனக்கு இல்லை. கம்யூட்டேட்டரை மெல்லிய எமரித் தாளில் தேய்த்து, கார்பன் பிரஷ் மாற்றியதோடு விட்டுவிட்டேன்.

ஸ்பேர் பற்றி ஒரு வார்த்தை: இணையத்தில் வாங்கிய ரப்பர் செட் ஒரு வெயில் காலத்தைக்கூடத் தாங்கவில்லை. சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் நேரில் கையில் எடுத்து, வளைத்துப் பார்த்து வாங்குவதே மேல்.

பெட்ரோல் இன்னொரு தலைவலி. இப்போது பங்கில் போடுவதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். அதனால் பெட்ரோல் டியூபைப் புதிய ரகத்துக்கு மாற்றியாயிற்று; நாலு நாள் ஓட்டவில்லை என்றால் கார்ப்பரேட்டரைக் காலி செய்துவிடுகிறேன். லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில். ஆய்வகத்தில் கழித்துப்போட்ட அளவுச் சாடி ஒன்றில் அளந்து ஊற்றுகிறேன். பங்குப் பையன் இவர் என்ன மருந்தா கலக்குகிறார் என்று பார்ப்பான்.

பெயிண்ட் உரிந்து தகடு தெரியும் இடங்களை அப்படியே விடமுடியாது. மட்கார்டின் கீழ்விளிம்பில் துருவை மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்து எடுத்து, ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிதாகப் பூசினேன். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு ஒரு படலமாக இறுகும். பூசிய துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடவேண்டும். இதற்கு மேல் மெழுகு. அவ்வளவுதான் அலங்காரம். மேலே புதுப் பெயிண்ட் ஏற்றுவதென்றால் எல்லாவற்றையும் சுரண்டி, குழிகளில் பட்டி பூசி, ஸ்டிக்கர் கோடு ஒட்டித் தருவார்கள். கடையில் நிற்கிற நூறு ஜாவாக்களில் இது நூற்றியொன்றாகும். டேங்க் மூடியைச் சுற்றிப் பெட்ரோல் சிந்திச் சிந்திக் கறுத்த வட்டமும் போய்விடும். அது மாமா ஊற்றியது.

மாமாவுக்கே இதில் உடன்பாடு இல்லை என்பதுதான் வேடிக்கை. தோப்பு வழியில் ஓட்டிப் பார்க்க வந்தவர், லிவரை அழுத்தி ஒரே உதையில் எழுப்பினார். கிளட்சைத் தொடாமலே கியர் மாற்றிக்கொண்டு போனார். இந்த வண்டியில் லிவரை அமுக்கினாலே கிளட்ச் தானாக விலகும் என்பதை என் மகன் அன்றுதான் நம்பினான். திரும்பி வந்து இறங்கியதும், "ஏ அம்மணி, இன்ஜின் சோக்காப் பேசுது. ஆனா பொண்ணுக்குச் சீரெல்லாம் செஞ்சுபோட்டு, கிழிஞ்ச சேலையோட மணவறைல உக்காத்தி வெச்ச மாதிரி இருக்குது" என்றார். அத்தையும் ஆமாம் போட்டார். இருவருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

பதிவு விஷயம் பாக்கி இருக்கிறது. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் வி.ஏ. வரிசையில் நம்பர் தருவார்கள், 10 வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது என்று சில காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். எனக்கு அது சரிப்படாது. மழையில்லாத நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போகவே இவ்வளவும் செய்தது. ஆகவே ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து, மாமா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் போகிறேன். எம் என்று தொடங்கும் பழைய நம்பர் அப்படியே இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் நிறம் மெரூன் என்று எழுதியிருக்கிறது, அதிலும் பிரச்சினை இல்லை. முன் பிரேக் மட்டும் இன்னும் பேருக்குத்தான் பிடிக்கிறது. லைனிங் ஒட்டக் கொடுத்திருக்கிறேன், அது வந்த பிறகுதான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்.