சிகிரியாவில் தண்ணீர் பார்த்தோம்

யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கும். அதைக் கிணற்றால் அள்ளித்தான் எங்கள் தோட்டமும் சமையலும். அந்த நல்ல தண்ணீருக்குக் கீழே உவர் காத்திருக்கிறது. மோட்டரைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் மேலே ஏறிவிடும். இப்படிப்பட்ட ஊரில் இருந்து சிகிரியாப் பாறைக் கோட்டைக்குப் போகிறவர்கள் ஓவியத்துக்கும் சிங்கப் பாதத்துக்கும் முன்னே அங்குள்ள தண்ணீரைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

என்னோடு வந்தவர் மாமா. நீர்வேலிச் செம்மண்ணில் வாழையும் வெங்காயமும் செய்கிறவர். யாழ்ப்பாணத்தில் கண்டி பஸ் ஏறினால் ஏ9 வீதியால் நேரே தம்புள்ளைக்குப் போய் இறங்கலாம். அங்கிருந்து சிகிரியாவுக்கு உள்ளூர் பஸ் இருக்கிறது. நாங்கள் போனது மார்கழியில், இரவு முழுக்க மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலையில். அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

அகழியைத் தாண்டி உள்ளே போனால் நேரான நடைபாதை, அதன் முடிவில் கன்னங்கரேலென்று அந்தப் பாறை. ஏறத்தாழ 180 மீற்றர் உயரம். கண் அதிலேயே ஒட்டிக்கொள்வதால் கூட்டம் முழுவதும் அதை நோக்கியே விரைகிறது. நாங்கள் கீழேயே நின்றுவிட்டோம். பாதையின் இரு புறமும் தடாகங்கள். நடுவே ஒரு தீவு, அதைச் சுற்றி நான்கு மூலையிலும் மடித்துக் கட்டிய நான்கு குளங்கள். 5ஆம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் வரம்புகள் இன்னும் கோடு பிசகாமல் நிற்கின்றன.

கொஞ்சம் தள்ளி, ஆழமில்லாத ஒரு வாய்க்காலில் வட்டமான கல் பலகை ஒன்று பதித்திருந்தது. அதில் ஒழுங்காகத் துளைத்த சிறு துளைகள். மாமா குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். துளைகளில் இருந்து தண்ணீர் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"இஞ்ச வந்து பார் மருமோன், தண்ணியை எப்பிடி அடக்கி வைச்சிருக்கிறாங்கள் எண்டு. இது எங்கட கல்லெல்லோ!"

அது சுண்ணாம்புக்கல்தான். மேட்டில் உள்ள குளத்து நீர் நிலத்தடிக் குழாய்களில் இறங்கி வந்து, தன் அழுத்தத்திலேயே அந்தத் துளைகளால் மேலே பாய்கிறது. மோட்டரும் இல்லை, மின்சாரமும் இல்லை. மழைக்காலங்களில் இன்றும் வேலை செய்கிறது. பதினைந்து நூற்றாண்டு தாண்டிய நீரூற்று! எனக்கு மெய் சிலிர்த்தது. மாமா துளையொன்றின் மேல் உள்ளங்கையை வைத்து, அழுத்தம் எவ்வளவு என்று பார்த்தார்.

அப்புறம் பெரிய பாறாங்கற்கள் கிடக்கும் பகுதி. பிக்குகள் இருந்த குகைகளின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். பாறையில் வழியும் மழை அந்த வெட்டில் தடைப்பட்டு வெளியே சொட்டும், குகைக்குள் வராது. மேலே போனால் ஓவியங்கள். அவற்றைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், படம் எடுக்கவும் தடை. பக்கத்தில், கண்ணாடிபோல் மினுக்கிப் பூசியதால் கண்ணாடிச் சுவர் என்று பெயர் பெற்ற சுவரில் பழங்காலத்துப் பயணிகள் கவிதை கீறி வைத்திருக்கிறார்கள். அவற்றில் 685ஐப் பேராசிரியர் பரணவிதான படித்து 1956இல் நூலாக வெளியிட்டார்.

சிங்கத்தின் தலை இப்போது இல்லை, நகங்களோடு இரண்டு பாதங்கள் மட்டும். அவற்றுக்கு நடுவே ஏறி, பாறையை ஒட்டிய இரும்புப் படிகளில் போக வேண்டும். குளவிக் கூடுகள் இருப்பதால் சத்தம் போடக் கூடாது. மாமாவுக்கு முழங்கால் நோ. நின்று நின்று, ஆனால் ஓரிடத்திலும் திரும்பிப் போவோம் என்று சொல்லாமல் ஏறினார்.

உச்சியில் கிட்டத்தட்ட 60 பரப்புக் காணி, நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைய. அரண்மனையில் மிஞ்சியது செங்கல் அத்திவாரம் மட்டுந்தான். ஆனால் பாறையைக் குடைந்த கேணி அப்படியே இருக்கிறது, நிறைந்த தண்ணீரோடு. நல்லூரின் பழைய அரச கேணியான யமுனாரியைப் பார்த்துப் பெருமைப்படுகிற எங்களுக்கு, அதற்கும் பல நூற்றாண்டு முந்திய இது ஒரு மலையுச்சியில் இருப்பது பேச்சு மூச்சில்லாமல் ஆக்கியது.

அங்கே இருந்துதான் மாமாவுக்கு, இந்த நகரத்தைக் கட்டிய அரசன் காசியப்பனின் கதையைச் சொன்னேன். அவனுடைய தந்தை தாதுசேனன் காலாவெவ என்ற மாபெரும் குளத்தைக் கட்டியவர். 477இல் மகன் அரசைப் பறித்துக்கொண்டு, ஒளித்துவைத்த செல்வம் எங்கே என்று கேட்டு நெருக்கினான். தாதுசேனன் காலாவெவவுக்குப் போய் நீரில் இறங்கி, இரு கையாலும் அள்ளிக் காட்டி, என் செல்வம் இவ்வளவுதான் என்றாராம். இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிற கதை இது. தந்தையைக் கொன்றுவிட்டு, தம்பி முகலனுக்குப் பயந்து இந்தப் பாறையில் ஏறியவன் கட்டிய நகரத்தில் எங்கு பார்த்தாலும் தந்தையின் அந்தச் செல்வம்தான்! கதையைக் கேட்ட மாமா, "அந்த மனுசன் தோட்டக்காரனாப் பிறந்திருக்க வேணும்" என்றார். தாதுசேனனுக்கு அவரிடம் இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது.

காசியப்பனின் முடிவும் தண்ணீரில்தான். 495இல் முகலன் இந்தியாவில் இருந்து படையோடு வந்தபோது, போர்க்களத்தில் காசியப்பனின் யானை சதுப்பு நிலத்தைக் கண்டு ஒதுங்கித் திரும்பியது. அரசன் பின்வாங்குகிறான் என்று நினைத்து அவன் படை சிதறி ஓடியது. அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான்.

இறங்கும்போது பாடசாலைச் சுற்றுலாப் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள், சிலர் தமிழில் கதைத்துக்கொண்டு. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: மலையேறும் முன் அரை மணி நேரம் அந்தப் பிள்ளைகளைத் துளைக்கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். வெயிலும் கூட்டமும் ஏறுவதற்கு முன், வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மார்கழி, தையில் மழை பெய்த அடுத்த நாள் என்றால் தண்ணீர் கொப்பளிப்பதையும் பார்க்கலாம்.