எங்கள் வீட்டுக்கு எந்தக் கிளி? காவேரிப்பட்டினம் நாட்குறிப்பு

மே 4, 2025

பிளஸ் டூ தொடங்குவதற்குள் ஒரு கிளி வாங்கித் தர அப்பா சம்மதித்துவிட்டார். எந்தக் கிளி என்பதை என்னிடமே விட்டுவிட்டார். அவர் கேட்டது ஒன்றுதான். "அடுத்த வருசம் நீ காலேஜ் ஆஸ்டலுக்குப் போயிட்டா அத யாரு கண்ணு பாக்கறது?"

அந்தக் கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே ஒவ்வொரு கிளியின் ஆயுளையும் எழுதினேன். ஆஸ்திரேலியாவின் சின்னக் கிளியான பட்ஜி 5 முதல் 10 வருடம். கொண்டை வைத்த காக்டைல் 15 முதல் 20. தென்னமெரிக்கக் கிளியான கானூர் 20, 30 வரை போகும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40-ஐத் தாண்டும். நிறத்தையும் விலையையும் பார்த்து ஆரம்பித்தால் இந்த வரிசை கண்ணிலேயே படாது. எனக்கு இப்போது பதினாறு வயது. இன்று நான் வாங்கும் கானூர், என் நாற்பது வயதிலும் காலையில் எழுந்து என்னைத் தேடும்.

மே 11

மாமா வந்திருந்தார். பனைமரப் பொந்திலிருந்து எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்று அவருக்குத் தெரிந்தவரிடம் இருக்கிறதாம். "காசே வேணாம், புடிச்சுக்கோ. பேசற கிளி அதுதான்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். சிவப்பு மூக்கும் கழுத்தில் வளையமும் உள்ள நம் பச்சைக்கிளி, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது அதை இரண்டாம் அட்டவணையில் சேர்த்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வீட்டில் அடைத்து வைப்பது எல்லாமே குற்றம். தோளில் சிவப்புத் திட்டு இருக்கும் பெரிய கிளிக்கும், செந்தலைக் கிளிக்கும் இதே சட்டம்தான்.

சட்டம் இல்லாவிட்டாலும் என்னால் முடியாது. எங்கள் பெங்களூரா மாந்தோப்பில் காலை ஆறு மணிக்கு அவை கூட்டமாக வந்து இறங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஒரு காயில் பாதியைக் கொறித்துவிட்டு அடுத்த காய்க்குத் தாவும். அப்பாவுக்கு ஒவ்வொரு வருடமும் நஷ்டம்தான், தகரத்தைத் தட்டி விரட்டுவார். ஆனாலும் பிடித்துக் கூண்டில் போட வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, இறக்கை வெட்டிய பச்சைக்கிளியைப் பார்க்கவே மனசு வராது.

குஞ்சை வனத்துறை அலுவலகத்தில் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டேன். டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார், பதில் சொல்லவில்லை.

மே 18

ஓசூரில் ஒரு பறவைக் கடை. உள்ளே நுழைந்ததுமே சன் கானூர்தான் கண்ணில் பட்டது. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். அது கத்திய கத்தலில் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். எங்கள் வீடு ஒட்டுச்சுவர் வீடு. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. கானூர் அந்த நிமிடமே பட்டியலிலிருந்து போய்விட்டது.

கடைக்காரர் சொல்லாத இன்னொன்றையும் இங்கே எழுதிவைக்கிறேன், வாங்க நினைக்கிற யாருக்காவது உதவும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர்கள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாக் கிளி இனங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, சன் கானூரும்தான். அதில் சேராதவை நான்கு: பட்ஜி, காக்டைல், பீச் நிற முகம் கொண்ட ஆப்பிரிக்க லவ் பேர்ட், நம் பச்சைக்கிளி. பச்சைக்கிளியை நம் நாட்டுச் சட்டமே தடுத்துவிடுகிறது. ஆக, காகிதத் தொல்லை இல்லாமல் என் வயதில் வளர்க்கக்கூடியவை மூன்று.

அதில் ஆப்பிரிக்க லவ் பேர்ட் அழகுதான். ஆனால் மற்ற பறவைகளின் காலைக் கடித்துவிடும், கையையும் கடிக்கும். பழக்குவதற்குப் பொறுமையும் அனுபவமும் வேண்டும். அதையும் விட்டுவிட்டேன்.

மே 25

முதலில் நல்ல செய்தி. மாமா அந்தக் குஞ்சை வனத்துறையிடம் சேர்ப்பித்துவிட்டார். போனில் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை.

இன்று தருமபுரியில் தோழியின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வளர்ப்பது ஒரு ஆண் காக்டைல். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் தோளில் ஏறி, கம்மலை இழுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தோரம் தலையைச் சாய்த்துக்கொண்டது. கொண்டையைப் பார்த்தாலே அதன் மனசு தெரிந்துவிடும். பயந்தால் நேராக நிமிரும், நிம்மதியாக இருந்தால் லேசாகச் சாய்ந்திருக்கும், கோபம் வந்தால் தலையோடு படிந்துவிடும். அண்ணன் விசிலடித்த மெட்டை அது திருப்பி அடித்தது. இதுதான் என் பறவை என்று அப்போதே தோன்றியது.

எழுந்து நின்றபோது கறுப்புச் சுடிதாரின் தோளெல்லாம் வெள்ளைத் தூள். காக்டைலுக்குச் சில சிறகுகள் நுனியில் பொடிந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பொடிதான் மற்றச் சிறகுகளைக் காக்கிறது. பறவைக்கு நல்லதுதான். அண்ணன் வீட்டில் மின்விசிறி இறக்கை, டிவி, அலமாரி எல்லாவற்றிலும் அது படிந்திருந்தது. வாரம் ஒருமுறை குளிக்க வைத்தும், தினமும் ஈரத்துணியால் துடைத்தும் சமாளிக்கிறார்கள்.

பேருந்தில் திரும்பும்போது என் பாட்டி, ஆயாவின் நினைப்பாகவே இருந்தது. ஆயாவுக்கு மூச்சிழுப்பு. வீட்டில் ராகி புடைத்தாலே தெருத்திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

மே 26

ஆயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானு இன்னும் எத்தன நாளைக்கு? புள்ள ஆசப்பட்டத வாங்கிக்கோ சாமி" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆயாவுக்கு மூச்சு முட்டும் வீட்டில் எனக்கு எந்தப் பறவையும் வேண்டாம். காக்டைல் இல்லை. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

எந்தப் பறவையானாலும் கொஞ்சம் தூசி இருக்கும். பட்ஜியிடமிருந்து வருவது காக்டைலின் அளவுக்கு இருக்காது. கூண்டைக் காற்றோட்டமான முன்தாழ்வாரத்தில் வைத்து, ஆயாவின் அறையிலிருந்து தள்ளியே வைத்துக்கொள்ளலாம். கோடை விடுமுறைகளில் சித்தி வீட்டு பட்ஜிகளை நான்தான் பார்த்துக்கொள்வேன், அப்போது ஆயாவும் அங்கே வந்து தங்குவார். அங்கே ஒருநாளும் அவருக்குத் தொந்தரவு வந்ததில்லை.

ஜூன் 1

பட்ஜி என்று சொன்னதும் "அந்த லவ் பேர்ட்ஸா? அதுக்கு எதுக்கு இவ்வளவு யோசன?" என்று மாமா கேட்டார். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜிதான். மலிவாகக் கிடைப்பதால் அதைப் பொம்மையாக நினைக்கிறார்கள். அது முழுக்க முழுக்க ஒரு கிளி. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டமாக, தண்ணீரும் புல்விதையும் இருக்கும் இடம் தேடிப் பறந்துகொண்டே இருக்கும் பறவை. ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840-ல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகுதான் உலகமெங்கும் வளர்க்க ஆரம்பித்தார்கள். காட்டில் அதன் உடம்பு பச்சை, முகம் மஞ்சள். நீல உடம்பு, வெள்ளை உடம்பு எல்லாம் கூண்டில் வந்தவை.

பேசற கிளி பச்சைக்கிளிதான் என்று அன்று மாமா சொன்னதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாழ்ந்த பக் என்ற பட்ஜிக்கு 1,728 சொற்கள் தெரிந்திருந்தன என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. எங்கள் பட்ஜி ஒரு சொல்கூடப் பேசாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

அப்பாவின் கேள்விக்கும் இதில்தான் பதில் கிடைத்தது. ஒற்றைப் பறவைக்கு நான்தான் கூட்டம், நான் ஆஸ்டலுக்குப் போனால் அது தனித்துப்போகும். இரண்டாக வளர்த்தால் ஒன்றுக்கொன்று துணை. தண்ணீரும் தீனியும் வைப்பதை அம்மா ஏற்றுக்கொண்டார். இரண்டும் ஆணாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஆணும் பெண்ணுமாக ஜோடி வாங்கி, முட்டையிடப் பானையைக் கட்டி, குஞ்சுகளை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தவிக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 8

பள்ளி திறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எழுத முடிகிறது.

கூண்டு வந்தாயிற்று. உயரத்தைவிட அகலம் அதிகம், ஏனென்றால் பட்ஜி பக்கவாட்டில்தான் பறக்கும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்குள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு, தோப்பிலிருந்து கொய்யாக் கிளைகளையும் வேப்பங்கிளைகளையும் வெட்டிப் போட்டேன். தடிமன் மாறி மாறி இருந்தால்தான் காலில் புண் வராது.

அம்மா நான்ஸ்டிக் பணியாரக் கல்லை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். அந்தப் பூச்சு அதிகச் சூட்டில் விடும் புகை மனிதனுக்குத் தெரியாது, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். முன்தாழ்வாரத்தில் கொசுவத்தி, ஊதுபத்தி இரண்டும் இனிமேல் இல்லை.

ஜூன் 15

தீனி விஷயத்தில் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் கொடுத்துவைத்தவை. தினை, சாமை, ராகி எல்லாம் புல்விதைகள்தான், அந்தப் பறவை தன் நாட்டில் தின்பதும் புல்விதைதான். தருமபுரிச் சாமை உமியோடு கிடைத்தது. உமியை உரித்துத் தின்பதே அதற்கு ஒரு வேலை.

விதை மட்டும் போதாது. வைட்டமின் ஏ குறைந்து மூக்கும் நுரையீரலும் கெடும். அதனால் முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை (கணவாய் மீனின் ஓடு) வாங்கினேன். சூரியகாந்தி விதை கொழுப்பு, எப்போதாவதுதான். அவகாடோ, சாக்லேட், டீ, காபி, உப்புப் பண்டம் கூடவே கூடாது என்று எழுதிக் கூண்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். தம்பி பிஸ்கட்டை நீட்டுவான் என்று தெரியும்.

ஜூன் 22

வாங்கிவிட்டோம்! கடையில் அல்ல, வீட்டில் வளர்த்துப் பெருக்கும் ஒருவரிடம்.

குஞ்சாக இருக்கும்போது நெற்றியில் மூக்கு வரை குறுக்காகக் கறுப்புக் கோடுகள் இருக்கும், கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். வளர்ந்த பிறகு நெற்றி தெளிந்து, கண்ணுக்குள் கருமணியைச் சுற்றி வெள்ளை வளையம் வரும். மூக்குத் துளைகளுக்கு மேலுள்ள சதை, இளம் ஆணுக்கு ஒரே சீராக இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து இருக்கும். பெண்ணுக்குத் துளையைச் சுற்றி வெளுத்திருக்கும். மூக்கில் பொருக்கு, எச்சம் ஒட்டிய பின்புறம், மூச்சுக்கு மூச்சு ஆடும் வால் இதில் எது இருந்தாலும் வாங்கக் கூடாது. அந்த வளர்ப்பாளர் அவசரப்படுத்தாமல் ஒவ்வொன்றையும் கையில் பிடித்துக் காட்டினார். ஒன்று பச்சை, ஒன்று நீலம்.

ஜூன் 29

நான் இன்னும் கையை உள்ளே விடவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படிக்கிறேன், குரல் பழகட்டும் என்று. முதலில் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தவை இப்போது கிட்டத்தில் இருக்கும் கிளைக்கு வருகின்றன. நீலம் தைரியசாலி. பச்சை அது போன பிறகுதான் நகர்கிறது.

அம்மாவின் சமையலறைத் தராசில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்துப் பழக்க வேண்டும். பட்ஜி 30, 40 கிராம்தான் இருக்கும், நோய் வந்தால் வெளியே காட்டாது, எடை குறைவதில்தான் முதலில் தெரியும். பள்ளிக் காலாண்டு விடுமுறையில் இரண்டையும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் எச்சத்தைப் பரிசோதித்துவிடலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

முருங்கைக்கீரையை இரண்டும் தொடவில்லை. நாளைக்குக் கொத்தமல்லியை ஈரமாகவே கம்பியில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கிறேன்.