அப்பாவின் குடலும் கொல்லை வாழையும்

ஜூன் 11, 2024, செவ்வாய், ஆயர் ஈத்தாம்

அப்பாவின் மலச் சோதனையில் இரத்தம் இருப்பதாக வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவுதானாம். "மூலமா இருக்கும்மா" என்கிறார். 63 வயதில் எதற்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருக்கிறார். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க நாள் குறித்திருக்கிறார்கள்.

ஜூன் 19, புதன்

மூன்று நாளாகக் கீரை, பழம் கிடையாது. இன்று குவளை குவளையாகப் பேதி மருந்து. பால் விடாத கோப்பி மட்டும் குடிக்கலாம். அப்பா கழிவறையில் இருக்க, நான் கதவுக்கு வெளியே கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தேன்.

குடலின் உட்சுவரெங்கும் நுண்ணிய குழிகள். குழியின் அடியில் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், ஓயாமல் பிரிகின்றன. பிறக்கும் செல்கள் மேலே ஏறி நான்கைந்து நாளில் உதிர்ந்துவிடும். உதிர்கிற செல்லில் மரபணு கெட்டால் கோளாறும் அதோடு போய்விடும். அடியில் தங்குகிற செல்லில் கெட்டால் வாரிசுகள் அத்தனைக்கும் இறங்கும்.

நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு 2007-இல் எல்ஜிஆர்5 என்ற மரபணுவை அடையாளமாக வைத்து இந்தக் குருத்தணுக்களைக் கண்டுபிடித்தது. 2009-இல், செல் பெருக்கத்துக்குக் கடிவாளமான ஏபிசி மரபணுவை எலிக் குடலின் இந்தச் செல்களில் மட்டும் நீக்கினார்கள். சில வாரங்களில் கட்டிகள். மேலே ஏறிக்கொண்டிருந்த செல்களில் நீக்கியபோது, சின்னதாக முளைத்தவை பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டன.

எல்லாவற்றையும் கதவு வழியே சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "இலை கிழிஞ்சா என்னம்மா, கிழங்கு அழுகினாத்தான் கன்னு எல்லாம் போவும்."

கொல்லையில் அவர் வைத்த வாழையைச் சொல்கிறார். மேலே போன செல்லும் சில சமயம் குருத்தணுவாகத் திரும்பலாம் என்றும் படித்தேன். அதைச் சொல்லவில்லை, உவமை கெட்டுவிடும்.

ஜூன் 20, வியாழன்

ஒரு பாலிப், குடல் சுவரில் முளைத்த சதை. கம்பியில் சுருக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள். படத்தைக் காட்டினார்கள்: இளஞ்சிவப்புச் சுவரில் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி, காம்போடு. வீட்டுக்கு வந்ததும் ரசம் சோறு கேட்டார்.

ஜூலை 4, வியாழன்

எடுத்த பாலிப்பின் சோதனை முடிவு வந்தது. அடினோமா என்ற வகைக் கட்டியாம். புற்று இல்லை. விட்டிருந்தால் பல ஆண்டுகளில் மாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். மூன்று ஆண்டு கழித்து மறுபடி வரச் சொன்னார் டாக்டர். பிள்ளைகளும் 40 வயதில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அண்ணனுக்கு 41. இரவே கூப்பிட்டுச் சொன்னேன்.

"எனக்கெல்லாம் வெறும் மூலம்தான்" என்கிறான்.